முத்து மாஸ்டர் எந்தப் பக்கம் குளிப்பார்?

ஆடி மாசம். சாரல் பிய்ச்சு உதறுது. ஹாஸ்டல்ல நாலு பேர் உட்கார்ந்து, 'மச்சி, குற்றாலம் போலாமா?'னு ஒருத்தன் ஆரம்பிக்க, அடுத்த அரை மணி நேரத்துல பை ரெடி. தென்காசியில் இறங்கி, குற்றாலம் பஸ்ஸில் தொத்திக்கிட்டு, மேலகரத்தைத் தாண்டும்போதே காற்று மாறிடும். முகத்துல ஊசி மாதிரி தூறல். பேரருவி இரைச்சல் கேட்க ஆரம்பிச்சதும் சட்டையைக் கழட்டிட்டு, தண்ணிக்குள்ள தலையைக் கொடுத்தா... ஆஹா!

கொஞ்சம் தலையைத் துவட்டிக்கிட்டு கவனிங்க. அருவி ஒண்ணுதான். ஆனா கீழே இடம் இரண்டு. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நடுவில் தடுப்பு, பக்கத்தில் போலீஸ். தப்பித் தவறிப் பக்கம் மாறினா விசில் பறக்கும்.

குளிச்சு முடிச்சா அடுத்த ஸ்டாப் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டர், பரோட்டா. கல்லுக்கு முன்னாடி நிற்கிற மாஸ்டர் மாவை எடுத்து வீசுற வீச்சைப் பார்த்துக்கிட்டே நாலு பரோட்டாவை உள்ளே தள்ளுவீங்க. இப்ப ஒரு கேள்வி. இதுவரைக்கும் எத்தனை கடையில் பரோட்டா தின்னிருப்பீங்க? அதில் எத்தனை கடையில் மாஸ்டர் ஒரு பெண்?

யோசிச்சுக்கிட்டே இருங்க. அதுக்குள்ள உங்களுக்கு ஒரு மாஸ்டரை அறிமுகப்படுத்துறேன்.

அண்ணாச்சி, ஒரு டீ!

தென்காசிக்குப் பக்கத்து மாவட்டம் தூத்துக்குடி. அங்கே காட்டுநாயக்கன்பட்டி என்று ஒரு கிராமம். அந்த ஊரில் ஒருத்தர் இருந்தார். பேர் முத்து. கிராப்பு வெட்டிய தலை, சட்டை, லுங்கி. பெயின்ட் அடிப்பார், டீ போடுவார், பரோட்டா வீசுவார். சென்னை, தூத்துக்குடி என்று ஓட்டல் ஓட்டலாக வேலை பார்த்தவர். எங்கே போனாலும் 'அண்ணாச்சி'தான். டீக்கடையிலும் பரோட்டாக் கடையிலும் 'முத்து மாஸ்டர்'.

2022 மே மாதம் அவர் கதை பேப்பரில் வந்தது. தமிழ்நாட்டைத் தாண்டி, வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரைக்கும் போனது. காரணம், முத்து மாஸ்டரின் நிஜப் பேர் பேச்சியம்மாள். அப்போது வயது 57.

இருபது வயதில் கல்யாணம். பதினைந்தே நாளில் கணவர் மாரடைப்பில் இறந்துபோனார். வயிற்றில் குழந்தை. பெண் குழந்தை பிறந்தது. மறுபடி கல்யாணம் வேண்டாம், உழைத்து வளர்த்துக்கொள்கிறேன் என்று கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் போனார். போன இடத்திலெல்லாம் தொல்லை. பேச்சு, பார்வை, அதுக்கு மேலேயும். தனியா வாழ்கிற இளம்பெண் என்றால் சிலருக்கு அது திறந்த வீடு.

ஒருநாள் திருச்செந்தூர் போனார். முருகன் சந்நிதிக்குப் போன பேச்சியம்மாள், அங்கிருந்து சட்டையும் லுங்கியுமாக முத்துவாகத் திரும்பினார். அதுக்கப்புறம் முப்பது வருஷத்துக்கும் மேல் அவர் முத்துதான். நெருங்கின சொந்தக்காரர்கள் சிலருக்கும் மகளுக்கும் மட்டும் விஷயம் தெரியும். மகளை வளர்த்து, கல்யாணமும் பண்ணிக் கொடுத்துட்டார்.

'சூப்பர், சினிமாவா எடுக்கலாமே!'னு உங்களில் பாதிப் பேர் இப்பவே மனசுக்குள்ள டைட்டில் வெச்சிருப்பீங்க. மீதிப் பேர், சரித்திர நாவல் எழுத ஆசைப்படுறவங்க, 'இதையே முந்நூறு வருஷம் பின்னாடி தள்ளி, குதிரை, கோட்டை, வாள் எல்லாம் போட்டா?'னு யோசிப்பீங்க. தாராளமா எழுதுங்க பாஸ். ஆனா பேனாவைத் திறக்கும் முன்னாடி கொஞ்சம் பேசுவோம்.

மச்சம் ஒட்டினால் மாறுவேஷம்

நம்ம ஊர்க் கதைகளில் மாறுவேஷத்துக்குப் பஞ்சமே இல்லை. எம்.ஜி.ஆர். கன்னத்துல ஒரு மச்சம் ஒட்டிக்கிட்டா வில்லனுக்கு ஆள் தெரியாது. கல்கியின் 'பார்த்திபன் கன'வில் சக்கரவர்த்தி நரசிம்மவர்மரே சிவனடியாராகத் திரிவார், இளவரசன் விக்கிரமன் இரத்தின வியாபாரியாக வந்து இறங்குவான். ரசிச்சு ரசிச்சுப் படிச்சிருப்போம்.

ஆனா ஒண்ணு பாருங்க. இந்த வேஷமெல்லாம் ராஜா வீட்டு வேஷம். போட்டவருக்குக் கழட்டவும் தெரியும், கழட்டினா சிம்மாசனமும் இருக்கும். ஒரு பெண் ஆண் வேஷம் போடுற கதைன்னா கிளைமாக்ஸ் நமக்கு மனப்பாடம். வாள் சண்டை நடக்கும், தலைப்பாகை அவிழும், கூந்தல் சரியும், ஹீரோ வாய் பிளப்பார். அடுத்த அத்தியாயம் கல்யாணம்.

முத்து மாஸ்டர் கதையில் அந்த சீன் எங்கே? தலைப்பாகையே இல்லை. கூந்தலும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு நாள் மாதிரியே இன்னொரு நாள். கணக்குப் போட்டால் பத்தாயிரம் நாளுக்கும் மேல். அந்தப் பத்தாயிரம் நாளில்தான் கதையே இருக்கு.

உதாரணத்துக்கு ஒரு டிக்கெட். 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. ஊரே ஃப்ரீயாகப் போகுது. முத்து மாஸ்டர் மட்டும் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினார். ஆண்கள் சீட்டில் உட்கார்ந்தார். பொதுக் கழிப்பறையிலும் ஆண்கள் பக்கம்தான். இலவசமாகப் போக உரிமை இருக்கிற ஒருத்தர், தினமும் காசு கொடுத்துத் தன் பாதுகாப்பை வாங்கிக்கிறார். இந்த ஒரு டிக்கெட்டை வைத்து மட்டுமே நீங்கள் ஒரு அத்தியாயம் எழுதலாம்.

இன்னொரு அத்தியாயம், அவருடைய காகிதங்கள். ஆதார், வாக்காளர் அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் முத்து பேரில். வயதாகி உடம்பு தளர்ந்தபோது உதவித்தொகை கேட்கலாம் என்று பார்த்தால், கணவரின் இறப்புச் சான்றிதழ் கையில் இல்லை. முதியோர் தொகைக்கு வயது பத்தவில்லை. முத்து பேரில் இருக்கிறவரை விதவை என்று எப்படி நிரூபிப்பது? ராஜா வேஷத்தைக் கழட்ட ஒரு நிமிஷம் போதும். ஏழை வேஷத்தைக் கழட்ட வேண்டுமென்றால் தாலுகா ஆபீஸ் போகணும்!

அவர் கழட்டவும் விரும்பவில்லை என்பதுதான் இதில் முக்கியம். இந்த அடையாளம்தான் என் மகளைப் பத்திரமாக வளர்க்க உதவியது, சாகும்வரை முத்துவாகவே இருந்துவிடுகிறேன் என்பதுதான் பேட்டிகளில் அவர் சொன்னதன் சாரம்.

புதுச்சேரி வாசலில் ஒரு சிப்பாய்

'எனக்கு குதிரையும் பீரங்கியும் வேணும், சரித்திர நாவல்னா அதான்!'னு அடம்பிடிக்கிறவங்களுக்கு இதோ. இது நடந்தது நம்ம கடலூரிலும் புதுச்சேரியிலும்தான்.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துவிட்டார்கள். ஆங்கிலேயருக்கு மிஞ்சியது கடலூர் பக்கம் இருந்த புனித டேவிட் கோட்டை. பழிவாங்க 1748இல் இங்கிலாந்திலிருந்து ஒரு பெரிய கப்பற்படை வந்தது. தலைமை அட்மிரல் பாஸ்கவன். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரைக்கும் புதுச்சேரியை முற்றுகை போட்டுப் பார்த்தார்கள். உள்ளே கவர்னர் துய்ப்ளே. நோயும் மழையும் சேர்ந்து அடிக்க, ஆங்கிலேயர்கள் மூட்டை கட்டித் திரும்பினார்கள்.

அந்தப் படையில் ஜேம்ஸ் கிரே என்று ஒரு கடற்படைச் சிப்பாய். நிஜப் பேர் ஹன்னா ஸ்நெல். 1723இல் இங்கிலாந்தின் வூஸ்டரில் பிறந்தவர். ஒரு டச்சு மாலுமியைக் கல்யாணம் பண்ணினார். அவன் இவரைக் கர்ப்பிணியாக விட்டுட்டு ஓடிவிட்டான். பிறந்த பெண் குழந்தையும் சில மாதத்தில் இறந்துபோனது. அக்கா வீட்டுக்காரரின் உடுப்பைப் போட்டுக்கொண்டு, அவர் பேரையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவரைக் கொண்டுவந்து இறக்கிய இடம் சோழமண்டலக் கடற்கரை!

முற்றுகையில் ஹன்னாவுக்கு இரண்டு காலிலும் குண்டடி. ஒரு குண்டு இடுப்புக்குக் கீழே, தொடை சேரும் இடத்தில். கடலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். டாக்டர் கால் காயத்தைப் பார்க்கட்டும், சரி. அந்த இன்னொரு குண்டை எப்படிக் காட்டுவது? காட்டினால் ஆட்டம் க்ளோஸ். 1750இல் லண்டனில் வெளிவந்த அவருடைய வாழ்க்கைக் கதைப் புத்தகம் சொல்வது இது: டாக்டரிடம் அந்தக் காயத்தைச் சொல்லவே இல்லை. தன் விரலாலேயே குண்டைத் தோண்டி எடுத்தார். பக்கத்தில் இருந்து பஞ்சும் மருந்தும் கொண்டுவந்து கொடுத்து உதவினவர், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த உள்ளூர்ப் பெண் ஒருத்தர்.

அந்தப் புத்தகத்தில் கொஞ்சம் உப்பு, புளி, மிளகாய் தூக்கலாகவே இருக்கும். பதிப்பாளருக்கு வியாபாரம் முக்கியம். ஆனாலும் ஹன்னா நிஜம். ஊர் திரும்பி 1750இல் தான் பெண் என்று கூட இருந்த சிப்பாய்களிடம் சொன்னார். அவர்களே மனு போடச் சொல்லித் தூண்டினார்கள். செல்சியில் இருந்த ராணுவ மருத்துவமனை அவருக்குப் பென்ஷன் கொடுத்தது. மேடையில் ராணுவ உடுப்போடு தோன்றி டிரில் பண்ணிக் காட்டினார், கூட்டம் அலைமோதியது. 1792இல் லண்டன் மனநலக் காப்பகத்தில் இறந்துபோனார்.

சரி, உங்க நாவலின் ஹீரோயின் யார்? ஹன்னான்னு சொன்னா உங்களுக்கு பாஸ் மார்க். அந்தக் கடலூர் பெண்ணுன்னு சொன்னா டிஸ்டிங்ஷன்.

யோசிச்சுப் பாருங்க. பேர் கூட எழுதப்படாத ஒரு பெண். பாஷை தெரியாத ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய், வலியில் பல்லைக் கடிச்சுக்கிட்டு, சைகையில் பஞ்சு கேட்கிறார். ஏன் டாக்டரைக் கூப்பிடாமல் தன்னைக் கேட்கிறார் என்று அவளுக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கும். புரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் 1750இல் புத்தகமே வந்திருக்காது. முத்து மாஸ்டருக்கு வாய் திறக்காத சொந்தங்கள், ஹன்னாவுக்கு இவள். வேஷம் போட்டவரின் தைரியத்தைப் பற்றி எல்லாரும் எழுதுறாங்க. வாயை மூடிக்கொண்டவர்களின் தைரியத்தை யாராவது எழுதினா நல்லா இருக்கும்.

இன்னொரு டிப்ஸ். அதே முற்றுகை சமயத்தில் கோட்டைக்கு உள்ளே துய்ப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை தினமும் தமிழில் டைரி எழுதிக்கொண்டிருந்தார். 1736இல் தொடங்கிய டைரி அது. அதை அடிப்படையாக வைத்துத்தான் பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' எழுதினார். 'வானம் வசப்படும்' 1995இல் சாகித்ய அகாடமி பரிசு வாங்கியது. சுவருக்கு இந்தப் பக்கம் ஊரில் நடப்பதையெல்லாம் எழுதி வைக்கும் ஒரு தமிழர். அந்தப் பக்கம் எதையுமே எழுத முடியாத ரகசியத்தோடு ஒரு பெண் சிப்பாய். லைப்ரரிக்குப் போங்க மக்களே!

1812, 1912

ஜேம்ஸ் பேரி தெரியுமா? பிரிட்டிஷ் ராணுவ சர்ஜன். அயர்லாந்தின் கார்க் ஊரில் மார்கரெட் என்று பேர் வைத்து வளர்க்கப்பட்டவர், ஜேம்ஸ் என்ற பேரில் எடின்பரோவில் சேர்ந்து 1812இல் மருத்துவப் பட்டம் வாங்கினார். 1826இல் கேப் டவுனில் அவர் செய்த சிசேரியனில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தக் காலத்தில் அது அதிசயம். மருத்துவமனைகளுக்குத் தலைமை ஆய்வாளர் என்ற பெரிய பதவி வரைக்கும் போனார். 1865இல் இறந்தபிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது.

இங்கே ஒரு நிமிஷம். பேரி 'பெண் வேலைக்காக ஆண் வேஷம் போட்டார்' என்று ஒரு தரப்பு சொல்லும். 'இல்லை, அவர் தன்னை ஆணாகவே உணர்ந்து வாழ்ந்தவர், இன்றைய பாஷையில் திருநம்பி' என்று இன்னொரு தரப்பு சொல்லும். இரண்டும் ஒண்ணு இல்லை. வேஷம் என்பது வெளியே இருக்கும் ஆபத்துக்காகப் போடுவது. திருநம்பிக்கு அது வேஷமே இல்லை, அதுதான் அவர். 2014இல் உச்ச நீதிமன்றம், தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே என்று தீர்ப்பு சொல்லியாச்சு. அதனால் உங்க கதையில் யாரை எழுதுறீங்கன்னு முதல்லயே தெளிவா இருங்க. குழப்பி அடிச்சா இரண்டு பேருக்கும் அநியாயம்.

பேரி பட்டம் வாங்கிய 1812இல் பெண்ணாக அந்தக் காலேஜ் வாசலை மிதித்திருக்கவே முடியாது என்பது மட்டும் உறுதி. சரியாக நூறு வருஷம் கழித்து, 1912இல், புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். எந்த வேஷமும் போடவில்லை. கதவு திறந்தால் வேஷத்துக்கு வேலை இல்லை, அவ்வளவுதான் மேட்டர்.

செங்கோட்டை மாப்பிள்ளையும் நந்தனாரும்

திரும்ப நம்ம ஏரியாவுக்கே வருவோம். நீங்க பரோட்டா தின்ன அந்தச் செங்கோட்டைதான் நாடக உலகின் சூப்பர் ஸ்டார் எஸ்.ஜி.கிட்டப்பாவின் ஊர். அவரைக் கல்யாணம் செய்தவர் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு 27 வயது. சுந்தராம்பாளுக்கு அதைவிடக் குறைவு. வெள்ளைப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்.

அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். ஆமாம், ஹீரோ அவர்தான். சம்பளம் ஒரு லட்ச ரூபாய். 1935இல்! இன்றைக்கும் அந்தத் தொகையைச் சொல்லி வாய் பிளக்கிறோம்.

சுந்தராம்பாள் ஒரு இளம் விதவை. பேச்சியம்மாளும் ஒரு இளம் விதவை. ஒருத்தர் ஆண் வேஷம் போட்டு லட்சம் வாங்கினார், ஊரே கைதட்டியது. இன்னொருத்தர் ஆண் வேஷம் போட்டு பரோட்டாக் கடைச் சம்பளம் வாங்கினார், ஊருக்குத் தெரியவே கூடாது என்று பயந்தார். மேடையில் தெரிந்தே பார்த்தால் கலை. தெருவில் தெரிந்துவிட்டால் ஆபத்து.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. எகிப்தில் லக்சர் நகரத்தில் சீசா அபு தாவூ என்று ஒருத்தர். கர்ப்பமாக இருக்கும்போது கணவர் இறந்தார். மறுமணம் பண்ணிக்கொள் என்று சொந்தங்கள் நெருக்கியது. அவர் ஆண் உடுப்பு போட்டுக்கொண்டு செங்கல் சூளையில் வேலை பார்த்தார், ஷூ பாலிஷ் போட்டார், மகளை வளர்த்தார். நாற்பது வருஷத்துக்கு மேல்! 2015இல் எகிப்து அரசே கூப்பிட்டு சிறந்த தாய் விருது கொடுத்தது. பேச்சியம்மாளை அவருக்குத் தெரியாது, அவரைப் பேச்சியம்மாளுக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே பதிலைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றால், இரண்டு ஊரிலும் கேள்வித்தாள் ஒண்ணுதான்.

உத்தரப்பிரதேசத்தில் பன்வாரி தோலா என்ற கிராமத்தில் அப்பா படுத்த படுக்கையானதும், ஸ்கூல் போகிற வயதில் இருந்த அக்காவும் தங்கையும் முடியை வெட்டிக்கொண்டு, பையன் பேரை வைத்துக்கொண்டு, அப்பாவின் சலூனை நடத்தினார்கள். அது 2014இல். 2019இல் சச்சின் டெண்டுல்கர் அவர்களிடம் ஷேவ் பண்ணிக்கொண்டு போட்டோ போட்டார். உங்க வயசுதான் பாஸ் அவங்களுக்கு.

மேலகரத்துக்காரர் விட்டுப்போன சிங்கி

இப்ப மறுபடி மேலகரம். பஸ்ஸில் ஜன்னல் ஓரமா தூங்கிக்கிட்டே தாண்டிப் போனீங்களே, அந்த ஊர். 'குற்றாலக் குறவஞ்சி' எழுதிய திரிகூடராசப்பக் கவிராயர் மேலகரத்துக்காரர். ஸ்கூலில் படிச்சு மார்க் வாங்கிட்டு மறந்திருப்பீங்க. வசந்தவல்லி பந்தாடுவது மட்டும் ஞாபகம் இருக்கலாம்.

வசந்தவல்லியை விடுங்க, குறத்தி சிங்கியைப் பாருங்க. ஊர் ஊராகத் தனியாகப் போகிறாள். தன் மலையின் பெருமையை வாய் நிறையச் சொல்கிறாள். கையைப் பிடித்துப் பார்த்துக் குறி சொல்கிறாள். வித்தைக்குக் கூலியாக நகை நகையாக வாங்கிக்கொள்கிறாள். எந்த வேஷமும் இல்லை, துணைக்கு ஆள் இல்லை. அவளைத் தேடிக்கொண்டு புருஷன் சிங்கன்தான் அலைகிறான்! கண்டுபிடித்ததும் காலில் என்ன, கழுத்தில் என்ன, யார் கொடுத்தது என்று ஒவ்வொரு நகையாகக் கேள்வி கேட்கிறான். அவள் பயப்படாமல் பதில் சொல்கிறாள். இந்த ஊர் கொடுத்தது, அந்த ஊர் கொடுத்தது, எல்லாம் என் தொழிலுக்குக் கிடைத்தது.

முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி மேலகரத்துக் கவிராயர் ஒரு பெண்ணைத் தன் பேரிலேயே, தன் உடையிலேயே, தன் சம்பாத்தியத்தோடு ஊர் சுற்ற விட்டிருக்கிறார். அது பாட்டில். நிஜத்தில், அதே தென்பாண்டிச் சீமையில் பேச்சியம்மாள் டீ கிளாஸ் கழுவி, பரோட்டா வீசிச் சம்பாதிக்க லுங்கி கட்ட வேண்டியிருந்தது. சிங்கியைக் கொண்டாடி ஆடுற நாம, பேச்சியம்மாளை நடக்க விடலை.

நாவல் எழுதப் போறீங்களா? அஞ்சு விஷயம்!

1. கூந்தல் சரியும் சீனைத் தூக்கிக் கடாசுங்க. கண்டுபிடிக்கப்படாத நாட்களை எழுதுங்க.

2. கழிப்பறை, மாதவிலக்கு, காய்ச்சல், குளியல். வேஷத்துக்கு நிஜ எதிரி வாள் இல்லை, உடம்பு. ஹன்னாவின் குண்டை மறக்காதீங்க.

3. கூலியை எழுதுங்க. கட்டட வேலையில் சித்தாளாகச் சேர்ந்த பெண் கொத்தனாராக ஆவதை எத்தனை இடத்தில் பார்த்திருக்கீங்க? 'மாஸ்டர்' என்ற பட்டம் வேஷத்தோடுதான் வந்தது என்றால், அது வேஷத்தின் பெருமையா, தொழிலின் சிறுமையா?

4. ரகசியம் தெரிஞ்ச ஒருத்தரை வைங்க. வேஷம் போட்டவர் தனி ஆள் இல்லை. ஒரு மகளோ, ஒரு ஆஸ்பத்திரி வேலைக்காரியோ கூடவே இருக்கணும்.

5. கடைசியில் வேஷத்தைக் கழட்ட வைக்கணும்னு கட்டாயம் இல்லை. முப்பது வருஷம் போட்டது வேஷமா, வாழ்க்கையான்னு அவரே முடிவு பண்ணட்டும்.

சரி, எந்தப் பக்கம்?

ஆரம்பத்தில் போட்ட கேள்விக்கு வருவோம். முத்து மாஸ்டர் குற்றாலம் வந்தால் பேரருவியில் எந்தப் பக்கம் குளிப்பார்?

உண்மையைச் சொன்னா, அது அவர் விஷயம். நாம கேட்க வேண்டிய கேள்வி வேற.

அருவியில் தடுப்பு இருப்பது நியாயம்தான். ஈரத் துணியோடு நிம்மதியாகத் தலையை நனைக்க ஒரு பெண்ணுக்கு இடம் வேணும். பிரச்னை என்னன்னா, அந்தத் தடுப்பு அருவியோடு நிற்கலை. அது பொடிநடையா இறங்கி வந்து டீக்கடை முன்னாடி நிற்குது. பரோட்டாக் கல்லுக்கு முன்னாடி நிற்குது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பஸ் ஸ்டாண்டில் நிற்குது. அங்கெல்லாம் பெண்கள் பக்கம்னு ஒண்ணே இல்லை. முழுசும் ஆண்கள் பக்கம்தான்.

நம்பிக்கை இல்லையா? ஒரு சின்ன டெஸ்ட். உங்க காலேஜ் பாய்ஸ் ஹாஸ்டல் கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுறாங்க, லேடீஸ் ஹாஸ்டல் கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுறாங்கன்னு எழுதி வெச்சுக்கோங்க. காலேஜ் வாசல் டீக்கடையில் சாயங்காலம் நின்னு டீ குடிக்கிறவங்களை எண்ணிப் பாருங்க. அடுத்த ட்ரிப் பிளான் போடும்போது, 'நாங்க எப்படி வர்றது, வீட்டில் விடமாட்டாங்க'னு சொன்ன தோழிகள் எத்தனை பேருன்னு கணக்கு எடுங்க. இந்த மூணு நம்பரும் சேர்ந்ததுதான் அந்தத் தடுப்போட நீளம்.

பசங்களுக்கு ஒரு வார்த்தை. கட்டட வேலையிலும் ஓட்டலிலும் பேச்சியம்மாளைத் துரத்தினது பேய் பிசாசு இல்லை. நம்மை மாதிரி சட்டை போட்ட ஆளுங்கதான். ஒரு டீக்கடையில் ஒரு பெண் தனியா நின்னு டீ குடிக்கும்போது நாம திரும்பித் திரும்பிப் பார்க்காம இருந்தாலே, ஒரு லுங்கி மிச்சம்.

தோழிகளுக்கு ஒரு வார்த்தை. கடலூர் ஆஸ்பத்திரியில் பஞ்சு எடுத்துக் கொடுத்தாளே, அவளை ஞாபகம் வெச்சுக்கோங்க. பக்கத்து ரூம் பொண்ணு ஏதோ ஒரு பாரத்தைத் தூக்கிக்கிட்டு தள்ளாடும்போது, கதை கேட்காம கை கொடுங்க.

அடுத்த சாரலுக்குக் குற்றாலம் போகும்போது மேலகரத்தில் ஜன்னலைத் திறந்து வைங்க. அந்தக் காற்றில் சிங்கி போட்டிருந்த நகைச் சத்தம் கேட்குதான்னு பாருங்க. குளிச்சுட்டு பார்டர் கடையில் உட்கார்ந்து நாலு பரோட்டா சொல்லும்போது, கல்லுக்கு முன்னாடி நிற்கிறவரைப் பார்த்து மரியாதையா கேளுங்க:

"மாஸ்டர், நல்லா முறுகலா போடுங்க."

ஒருநாள் அந்த இடத்தில் புடவையோ சுடிதாரோ போட்டுக்கிட்டு ஒருத்தர் நின்னு, 'சரிப்பா, உட்காரு'ன்னு சொல்லணும். நீங்க ஆச்சரியப்படாம சாப்பிடணும்.